பரட்டில் ஒரு தழும்பு

என் உடம்பில் மச்சம் எங்கெங்கே இருக்கிறது என்று முப்பத்திரண்டு வயது வரைக்கும் நான் கவனித்ததில்லை. கண்டுபிடித்துச் சொன்னவர் எங்கள் பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்த அக்கா. உயிரியல் ஆசிரியையாக நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, என் பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்தை நிரப்புவதற்காக அவர் எதிரில் உட்கார்ந்திருந்தேன். பெயர், பிறந்த தேதி, படிப்பு எல்லாம் மளமளவென்று முடிந்தன. அங்க அடையாளங்கள் என்ற இடம் வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

“மச்சம் எங்க இருக்குதுமா?”

“கழுத்துல ஒண்ணு இருக்குக்கா.”

“கழுத்துன்னா எங்க? பிடரியா, தொண்டைக்குழியா, காறை எலும்பாண்டயா?”

உடற்கூறியலில் நல்ல மதிப்பெண் வாங்கித் தேறியவள் நான். எல்லாம் ஆங்கிலத்தில் படித்தது. என் சொந்தக் கழுத்துக்குள் இத்தனை பேட்டை இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. அவர் எழுந்து வந்து என் பின்னலை ஒதுக்கிப் பார்த்துவிட்டு, “காறை எலும்புக்கு ரெண்டு விரக்கடை மேல” என்று சொல்லிக்கொண்டே எழுதினார். காறை என்பது கழுத்தை ஒட்டிப் போடுகிற பழைய காலத்து நகையாம். அந்த நகை வந்து உட்காரும் எலும்பு என்பதால் அதற்கு அந்தப் பெயர். இரண்டாவது மச்சத்தை என் முழங்கைக்குப் பின்னால் கண்டுபிடித்தார். அதை நான் அதுவரை பார்த்ததே இல்லை. “உன் உடம்பு, உனக்கே தெரியல பாரு” என்றார். சிரிக்கவில்லை. அவர் இதையெல்லாம் சிரித்துக்கொண்டு சொல்கிறவர் இல்லை.

பெரிய காஞ்சிபுரத்தில் தேர் ஓடும் வீதிக்குப் பின்புறம் எங்கள் பள்ளி. பெண் பிள்ளைகள் மட்டும். பாதிப் பேர் வீட்டில் தறி ஓடும். பத்தாவது, பன்னிரண்டாவது முடிவுகள் வந்ததும் மாற்றுச் சான்றிதழ் வாங்குவதற்குக் கூட்டம் வரும். மற்ற பள்ளிகளில் இதெல்லாம் அரை நாள் வேலை. வகுப்பு மொத்தத்துக்கும் ‘வலது கையில் ஒரு மச்சம், முகத்தில் ஒரு மச்சம்’ என்று எழுதித் தள்ளிவிடுவார்கள். எங்கள் பள்ளியில் வரிசை தலைமையாசிரியை அறையைத் தாண்டி வேப்பமரம் வரை போகும். அக்கா ஒவ்வொரு பிள்ளையையும் அருகில் அழைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் மச்சம் மேடம். அது அவருக்கும் தெரியும்.

ஒரு வருடம், திருப்பருத்திக்குன்றத்திலிருந்து வந்து படித்த ஒரு பெண்ணின் உடம்பில் மச்சமே கிடைக்கவில்லை. ஒரு கீறல் வடு கூட இல்லை. “சும்மா கையின்னு போடுங்க மேடம், பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று அந்தப் பெண் கெஞ்சினாள். அக்கா விடவில்லை. இருபது நிமிடம் தேடி, வலது செவிமடலின் பின்புறம், மடிப்புக்குள், கடுகில் பாதி அளவு ஒன்றைக் கண்டுபிடித்தார். அவர் முகத்தில் அப்போது வந்த நிம்மதியைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. மச்சத்துக்கு இவ்வளவா?

பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? “அங்க மச்சம் இருந்தா இன்னா பலன் மேடம்? வெளிநாட்டு மாப்பிள்ளையா?” என்று ஒருத்தி கேட்டாள். வரிசை முழுக்கச் சிரிப்பு.

“காணாமப் போனா கண்டுபுடிக்கலாம். அதான் பலன்” என்றார் அக்கா, நிமிராமல்.

சிரிப்பு நின்றுவிட்டது.

இன்னொரு வருடம் ஒரு பெண்ணின் அப்பா சண்டைக்கே வந்துவிட்டார். அவர் மகளுக்குத் தோளுக்குச் சற்றுக் கீழே மச்சம். அக்கா அலமாரி மறைவுக்கு அழைத்துப் போய்த்தான் பார்த்திருக்கிறார். அப்படியும் அந்தப் பெண் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள். “வயசுப் பொண்ண ஓரமா இட்டுக்கினு போயி துணிய வெலக்கிப் பாக்கறது இன்னா பழக்கம்?” என்று அவர் மேசையைத் தட்டினார். தலைமையாசிரியை அக்காவை எல்லார் எதிரிலும் வைத்துக் கடிந்துகொண்டார். “கை, கால், முகம். அதுக்கு மேல உங்களுக்கு எதுவும் வேணாம். புரியுதா?” அக்கா தலையை ஆட்டினார். மறுநாள் அதே மாதிரி அடுத்த பிள்ளையை அலமாரி மறைவுக்கு அழைத்துப் போனார். இவருக்கு ஏதோ கோளாறு என்றுதான் ஆசிரியைகள் ஓய்வறையில் பேசிக்கொண்டோம். நானும் பேசினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் இருக்கும். முத்து முத்தான கையெழுத்தில், உச்சி முதல் உள்ளங்கால் வரை உடம்பின் இடப் பெயர்கள். நெற்றிப்பொட்டு, கன்னப்பொறி, செவிமடல், பிடரி, காறை எலும்பு, மணிக்கட்டு, புறங்கை, கெண்டைக்கால் என்று இறங்கிக்கொண்டே போகும். கெண்டை மீனின் வயிறு மாதிரி திரண்டிருப்பதால் அது கெண்டைக்கால் என்று அவர்தான் எனக்குச் சொன்னார். பட்டியலில் கணுக்காலுக்கு அடுத்த வரி மட்டும் காலியாக இருந்தது.

“இது இன்னாக்கா, விட்டுப்போச்சா?”

“அதுக்குப் பேரு கெடைக்கல.”

அடுத்த வாரம் என்னைத் தேடி ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டார். மூலையில் நிற்கும் பிளாஸ்டிக் எலும்புக்கூட்டின் முன்னால் மெதுவாகக் குத்த வைத்து உட்கார்ந்து, அதன் இடது காலைப் பிடித்தார். கணுக்காலில் வெளிப்பக்கம் குமிழ் மாதிரி துருத்திக்கொண்டிருக்கும் எலும்பைத் தடவிக் காட்டினார்.

“கணுக்காலுன்னா சுத்தி இருக்கற எல்லாம் அதுல வந்துடுது. இது மட்டும். முட்டிக்கினு இருக்குதே, இது. இதுக்கு உங்க படிப்புல இன்னா பேரு?”

“மேலியோலஸ்.”

“அப்படின்னா?”

“லத்தீன் சொல்லுக்கா. சின்னச் சுத்தியல்னு அர்த்தம். அந்த வடிவத்துல இருக்குதுன்னு வெச்சிருப்பாங்க.”

“சுத்தியலா?” என்று எலும்பை இன்னொரு தடவை பார்த்தார். “யார அடிக்கறதுக்கு?” எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். “சர்டிபிகேட்டுல சுத்தியல்னு எழுத முடியாதுமா. தமிழ்ல வேணும்.”

எனக்குத் தெரியாது என்றேன். தெரியாமலே முப்பத்தைந்து வருடம் இரண்டு கால்களில் நடந்திருக்கிறேன்.

தமிழாசிரியை நூலகத்து அகராதியைப் புரட்டி அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தார். பரடு. காலில் கணுவெலும்பு புடைத்திருக்கும் இடம். அக்காவுக்கு அது போதவில்லை. அகராதியில் இருந்தால் ஆயிற்றா, யாராவது வாயில் இருக்கிறதா என்று தெரிய வேண்டும் அவருக்கு. கரடு, முரடு, பரடு என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பார். வழவழவென்று இல்லாமல் துருத்திக்கொண்டு நிற்பதற்கெல்லாம் ஒரே குடும்பத்துப் பெயர் போல என்பார். சான்றிதழ் வாங்க வரும் பெற்றோரிடமெல்லாம் தன் காலைக் காட்டி, “இத நீங்க இன்னான்னு சொல்லுவீங்க?” என்று கேட்பார். கணுக்கால், மொளி, எலும்பு, முட்டி. யாரும் பரடு என்று சொல்லவில்லை.

கடைசியில் ஒரு பெண்ணின் அம்மா சொன்னாள். வீட்டுக்குள் கன்னடம் பேசுகிற தறிக்கார வீடு. “நாங்க ஹரடும்போம் மேடம்.”

அன்றைக்கு அக்கா என் வகுப்பறை வாசலில் வந்து நின்றார். பாடத்தின் நடுவில் வந்தது அந்த ஒரு தடவைதான். “பால் அவங்களுக்கு ஹாலு. பல்லு ஹல்லு. அப்ப பரடு ஹரடு. பாத்தியாமா? செத்துப்போன வார்த்தை இல்ல. வேற வீட்டுல வேற மாதிரி உயிரோட இருக்குது!” கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. ஒரு சொல்லுக்காக ஒருவர் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. பிள்ளைகளிடம் திரும்பி, “மச்சம் மேடத்துக்குப் புதையல் கெடைச்சிருக்குது” என்று கேலி செய்தேன். பட்டியலில் காலி வரி நிரம்பியது.

அந்த வருட மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் அவரை என் ஸ்கூட்டியில் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அவரும் அவருடைய அம்மாவும் மட்டும் இருக்கும் சிறிய வீடு. நான் உள்ளே கால் வைத்ததும் அம்மா புது ரேஷன் அட்டையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

“நீ படிச்சவதானே? இதுல சின்னவ பேரு ஏன் இல்ல? பழைய அட்டையில இருந்துச்சே.”

நான் அக்காவைப் பார்த்தேன். “ஆதார் இல்லன்னா வராதும்மா. நூறு தடவ சொல்லிட்டேன்” என்றார் அக்கா, என்னைப் பார்க்காமல்.

“அவ வந்து எடுத்துக்குவா. அதுக்குள்ள அவ பேர அட்டையில இருந்து எடுத்துடுவீங்களா?”

மழை விடுவதற்காக வாசலில் நின்றபோது அக்கா சொன்னார். தங்கை. எட்டு வயது இளையவள். பத்தொன்பது வயதில் ஒரு காலை டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போனவள் திரும்பவில்லை. வீட்டில் சண்டையில்லை, கடிதமில்லை. ஒன்றுமே இல்லை. இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

“போலீஸ் ஸ்டேஷனுக்கு நான்தான் அப்பா கூட போனேன். ரைட்டர் அடையாளம் கேட்டாரு. இடது காலுல, இந்த எலும்பு இருக்குதே, இது மேல தழும்புன்னு என் கால தூக்கிக் காட்டினேன். ‘காலெல்லாம் தூக்காதம்மா. காலுன்னு போட்டா போதும்மா’ன்னாரு. எல்லாரும் பாத்தாங்க. எனக்கு மானம் போன மாதிரி ஆயிடுச்சி. கால கீழ வெச்சிட்டேன். சரி சார்னுட்டேன்.”

எட்டு மாதம் கழித்து வேறு மாவட்டத்திலிருந்து ஒரு தகவல் வந்தது. ஏரியில் ஒதுங்கிய பெண் உடல். வயது சுமார் இருபது. நீலப் புடவை. முகம் அடையாளம் சொல்லும்படி இல்லை. இடது காலில் பழைய தழும்பு. தகவல் வரும்போது அவர்களே புதைத்து முடித்திருந்தார்கள். இவர்கள் கொடுத்த புகார், அங்கிருந்து வந்த தகவல், இரண்டு காகிதத்திலும் கால் என்றுதான் இருந்தது. கால் என்றால் தொடையிலிருந்து விரல் வரை எல்லாமும்தான். அப்பா அது தன் மகள்தான் என்று நம்பினார், காரியம் செய்தார், கொஞ்ச வருடத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார். அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. காலில் தழும்பில்லாத பெண் எந்த ஊரில் இருக்கிறாள் என்று கேட்டாராம்.

“நான் ஒரு நாளு அப்பா கட்சி, ஒரு நாளு அம்மா கட்சி” என்றார் அக்கா. “அந்தத் தழும்பு நான் வெச்சதுமா. சைக்கிள்ல பின்னாடி உக்கார வெச்சி ஓட்டிக்கினு போனேன். அவளுக்கு ஆறு வயசு. சக்கரத்துக் கம்பியில கால உட்டுட்டா. ரத்தத்துக்கு நடுவுல எலும்பு வெள்ளையா தெரிஞ்சிது. அந்த எடத்த நான் உள்ள வரைக்கும் பாத்திருக்கேன். பேரு மட்டும் தெரியல அப்போ.”

ஓய்வறையில் நான் பேசியதெல்லாம் நினைவுக்கு வந்தது. மழை விடாமலே கிளம்பி நனைந்துகொண்டு வீட்டுக்குப் போனேன்.

பிரேதப் பரிசோதனை அறிக்கையின் நகலுக்காக அவர் வருடக்கணக்காக எழுதிக்கொண்டிருந்தார். அதில் டாக்டர் ஒழுங்காக எழுதியிருப்பார், டாக்டர் கால் என்று விட்டிருக்க மாட்டார் என்பது அவர் நம்பிக்கை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு, மேல்முறையீடு, மறுபடி மனு. இரண்டு தடவை கோப்பு கிடைக்கவில்லை என்று பதில் வந்தது. மூன்றாவது தடவை ஒரு பழுப்பு உறை வந்தது. பிரித்த உறையை எடுத்துக்கொண்டு மதிய இடைவேளையில் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். டாக்டரின் ஆங்கிலக் கையெழுத்து அவருக்குப் பிடிபடவில்லை.

“படிச்சி சொல்லுமா. தமிழ்ல.”

பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, முதல் வரியின் மேல் விரலை வைத்தார். பதிவேடுகளைச் சரிபார்ப்பதும் அப்படித்தான். நான் படிக்கப் படிக்க விரல் நகர்ந்தது. உயரம். வயது. புடவையின் நிறம். தண்ணீரில் கிடந்த நாட்கள். இரண்டாம் பக்கத்தின் பாதியில் என் கண், வாய்க்கு ஒரு வரி முன்னால் போய்விட்டது. அந்தச் சொல் அங்கே இருந்தது. கோணல்மாணலாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல். நான் அதைத் தாண்டி அடுத்த வரியைப் படித்தேன். யோசித்துச் செய்ததல்ல. வாய் தானாகத் தாண்டிவிட்டது.

விரல் நின்றுவிட்டது.

“ஒரு வரி உட்டுட்டியேமா.”

“கையெழுத்து சரியாத் தெரியலக்கா. முக்கியமா ஒண்ணும் இல்ல.”

“எழுத்து எழுத்தா படி. நான் சேத்துக்கறேன்.”

செல்லரித்த பிறப்புச் சான்றிதழ்களை அப்படிச் சேர்த்துப் படித்தே பழகியவர். இனி ஏமாற்ற முடியாது. படித்தேன். இடது. வெளிப்பக்கம். மேலியோலஸ் மேல். ஆறிப்போன பழைய தழும்பு.

வெளியே பிள்ளைகள் சாப்பாட்டு டப்பாக்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மூலையில் அந்த எலும்புக்கூடு நின்றுகொண்டிருந்தது. அதன் பக்கம் நாங்கள் இருவரும் திரும்பவில்லை.

“மேலியோலஸ்” என்றார் அக்கா. “சுத்தியல்.”

“ஆமாக்கா.”

“வெளிப்பரடு.” விரலை வரியிலிருந்து எடுத்துவிட்டார்.

“எத்தனையோ பேரு சைக்கிள் சக்கரத்துல கால உட்டிருப்பாங்கக்கா. அதே எடத்துல எத்தனையோ பேருக்குத் தழும்பு இருக்கும்.”

“நீ எங்க அம்மா மாதிரி பேசற” என்றார். காகிதங்களை மடித்து உறையில் போட்டார். அழுவார் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. “அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. நல்லதாப் போச்சு. நீயும் சொல்லிடாத.” கதவு வரை போனவர் நின்றார். “நீ அந்த வரிய உட்டப்பவே நான் கம்முனு இருந்திருக்கலாம் இல்ல?”

அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொல்லிக் கொடுத்ததே நான்தான். லத்தீன் தெரியும் என்று காட்டிக்கொள்ளாமல் வெறும் கணுக்கால் எலும்பு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால், அந்த வரியில் வேறு எதையாவது படித்துச் சமாளித்திருப்பேன். இருபது வருடம் தன் தங்கையை உயிரோடு வைத்திருந்தது கால் என்ற அந்த அரைகுறை வார்த்தைதான் என்று அவருக்கு அன்று மதியம் புரிந்திருக்க வேண்டும். எனக்கு அது புரிய இன்னும் கொஞ்ச நாளாயிற்று.

அந்த வருடம் என் மகள் எங்கள் பள்ளியிலேயே பத்தாவது முடித்தாள். பதினொன்றாம் வகுப்புக்கு வேறு பள்ளி. மாற்றுச் சான்றிதழ் வாங்க அவளோடு நானும் வரிசையில் நின்றேன். வரிசை வேப்பமரம் வரை போகவில்லை. அலுவலக வாசலிலேயே முடிந்திருந்தது, வேகமாகவும் நகர்ந்தது. மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த தாளைக் காணோம். வெறும் பச்சைத் துணி தெரிந்தது.

“மச்சம் எங்க?” என்று நிமிராமல் கேட்டார் அக்கா.

“வலது கால்ல மேடம்” என்றாள் மகள். பாவாடையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டத் தயாராக நின்றாள். மூத்த பிள்ளைகள் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள் போல.

அவர் பார்க்கவில்லை. ‘வலது காலில் ஒரு மச்சம்’ என்று எழுதிவிட்டார். அதே முத்து முத்தான கையெழுத்து.

மேசை மேல் குனிந்தேன். “அக்கா, கெண்டைக்கால்னு போடுங்கக்கா. பின்பக்கம், நடுவுல. ஒரு தடவ பாருங்க. உங்களக் கெஞ்சிக் கேக்கறேன்.”

அப்போதுதான் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார், பிறகு என் மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம் இல்லை. களைப்பு மட்டும் இருந்தது.

“காலுன்னு போட்டா போதும்மா” என்றார். முத்திரை குத்தி என் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.